அணுமின் நிலையம் வேண்டுமா என்று கேட்டால்: டெல்டாக்காரர்கள் கணக்குப் போட ஒரு வழி

2047க்குள் இந்தியாவின் அணுமின் திறனை 1 லட்சம் மெகாவாட்டுக்குக் கொண்டுபோவதாக 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. இப்போது இருப்பது சுமார் 8,800 மெகாவாட். நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் அதன் பங்கு 3 சதவீதம் அளவுக்குத்தான். இப்போதுள்ள திறனைப் பதினோரு மடங்காக்க வேண்டும் என்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சாந்தி சட்டத்தை நிறைவேற்றி, தனியார் நிறுவனங்களும் அணுமின் நிலையம் நடத்த வழிவிட்டது. இவ்வளவு உலைகளுக்கும் இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். கடற்கரையும் ஆற்றங்கரையும் உள்ள எந்த ஊரிலும் இந்தப் பேச்சு வரலாம்.

வந்தால் எப்படி யோசிப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் திருத்துறைப்பூண்டி பக்கத்துக்காரன். துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைமடையில் கொஞ்சம் நிலமும் ஒரு 5 எச்.பி. மோட்டாரும் இருக்கின்றன. பீடரை, அதாவது ஊர்களுக்குக் கரண்டு கொண்டுபோகும் பாதையை, நிறுத்தும் கையாகவும் இருந்திருக்கிறேன், கரண்டு வராத வயலின் வரப்பிலும் நின்றிருக்கிறேன். இரண்டையும் பார்த்தவனுக்கு "அணு உலை வந்தால் நாடு செழிக்கும்" என்பதும் போதவில்லை, "அணு உலை வந்தால் ஊர் அழியும்" என்பதும் போதவில்லை. நடுவில் போட வேண்டிய கணக்கு நிறைய இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெகாவாட்டை யூனிட்டாக மாற்றுங்கள்

செய்தியில் எப்போதும் மெகாவாட் என்றுதான் வரும். அது ஒரு நேரத்தில் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற திறன். நமக்கு வேண்டியது யூனிட், அதாவது உண்மையில் எவ்வளவு வந்தது என்ற கணக்கு. உங்கள் மோட்டாரிலிருந்தே தொடங்குங்கள். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் ஆகும். பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டார் என்றால் இன்னும் கூடும்.

கூடங்குளத்தில் ஒரு உலையின் திறன் 1,000 மெகாவாட். அதாவது 10 லட்சம் கிலோவாட். கம்பியில் போகும் இழப்பைக் கழித்தாலும் நம்முடையதைப் போன்ற மோட்டார்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடும். அந்த உலை ஆண்டில் 80 சதவீதத் திறனில் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட் தரும். 1,000 மெகாவாட் சூரிய மின் நிலையம் இரவில் ஓடாது, மேகத்தில் குறையும். நம் மாநில வெயிலில் ஆண்டு முழுக்கக் கூட்டினால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும், அதாவது 175 கோடி யூனிட். ஆக ஒரு 1,000 மெகாவாட் உலைக்கு ஈடாக 4,000 மெகாவாட் சூரியத் தகடுகள் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கரில் இருக்கிறது. அந்தக் கணக்கில் 4,000 மெகாவாட்டுக்கு 15,000 ஏக்கருக்கு மேல் போகும்.

அணுமின்சாரத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நாம் அதோடு நிறுத்தக் கூடாது. தகட்டைக் கூரையில் வைக்கலாம், உப்பு ஏறிய தரிசில் வைக்கலாம், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். அணு உலையை அப்படிப் பிரித்து வைக்க முடியாது. ஒரு இடம், ஒரு ஊர், ஒரு கடல்தான் அதைத் தாங்க வேண்டும்.

எந்த மாதத்தில், எந்த மணியில் வேண்டும்

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை, ஏசி, மோட்டார், தொழிற்சாலை எல்லாம் சேர்ந்த நாள். இப்போது மின்சார வண்டி, சென்னைப் பக்கம் டேட்டா சென்டர் என்று தேவை ஏறிக்கொண்டே போகிறது.

துணைமின் நிலையத்தில் லாக் புக் எழுதியவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பற்றாக்குறை என்பது ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் காற்று நன்றாக அடிக்கும். காற்றாலை மின்சாரம் கொட்டும். நமக்குக் குறுவை நேரம், அதனால் அது நன்றாகவே பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் குறைவு, வெயிலும் குறைவு. மாலை ஆறு மணிக்கு மேல் பத்து மணி வரை வீட்டு விளக்கும் ஏசியும் ஏறும்போது சூரிய மின்சாரம் கிடையாது.

இந்த இடத்தில்தான் அணுமின்சாரத்துக்கு மதிப்பு. காற்றையும் வெயிலையும் அது பார்க்காது, இரவும் பகலும் ஒரே அளவில் ஓடும். ஆனால் மாலையில் மட்டும் ஏற்றி, நள்ளிரவில் இறக்கு என்றால் அதற்கு ஏற்றதல்ல. ஏற்றி இறக்க நீர்மின்சாரமும் சேமிப்பும் வேண்டும். ஆனைமலையில் உள்ள காடம்பாறை 400 மெகாவாட் நிலையம் அப்படித்தான் வேலை செய்கிறது. மிச்சம் இருக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவையான நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். 1,000 மெகாவாட் உலை ஒன்று திடீரென்று டிரிப் ஆனால் அவ்வளவும் ஒரே நொடியில் போய்விடும். எரிபொருள் மாற்றும்போது வாரக்கணக்கில் நின்றே தீரும். எனவே உங்களிடம் யாராவது "நிலையான மின்சாரம்" என்று சொன்னால், அது நிற்கும் காலத்தில் எதை வைத்துச் சமாளிப்பீர்கள் என்று கேளுங்கள்.

2012ஐ நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12இல் திறக்கவில்லை, செப்டம்பர் 17இல்தான் திறந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, போரில் இறைக்கலாம் என்றால் கரண்டும் இல்லை. தேவை உற்பத்தியை மிஞ்சி, கரண்டின் ஃபிரீக்வன்சி 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியச் சரிய, சுமையைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வரும், பிரேக்கரை எடுக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே விவசாயிகள் வந்து நிற்பார்கள். "ஐயா, நாற்று காயுது, ஒரு மணி நேரம் விடுங்க" என்பார்கள். அதே நாட்களில் இடிந்தகரையில் மீனவப் பெண்கள் கூடங்குளம் உலையைத் திறக்காதே என்று பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நம் நாற்றுக்கும் அவர்கள் கடலுக்கும் நடுவில் ஒரு சண்டை மூட்டப்பட்டதை நான் அப்போது உணர்ந்தேன்.

அந்த மின்வெட்டு எப்படித் தீர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கூடங்குளம் முதல் உலை 2013 அக்டோபரில் கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், சேர்ந்தது. அதே காலத்தில் மேட்டூரிலும் வடசென்னையிலும் வல்லூரிலும் புதிய நிலக்கரி யூனிட்டுகள் வந்தன. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக கிரிட், நாட்டின் மற்ற கிரிட்டோடு இணைந்தது. அதற்கு முன் வடக்கே மின்சாரம் மிச்சம் இருந்தாலும் இங்கே தாராளமாகக் கொண்டுவர முடியாது. இத்தனையும் சேர்ந்துதான் விடிவு. கம்பியும் மின்சாரம்தான், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேண்டாம் என்றால், அதற்குப் பதில் எது?

இந்தக் கேள்வியை நம் வீட்டிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது எங்கோ நடக்கும் விவகாரம் கிடையாது. மாற்று எரிபொருள் நம் காலுக்குக் கீழேயே கிடக்கிறது.

மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் எடுக்க வந்தார்கள். ஊர் ஊராக எதிர்த்துத்தான் அது நின்றது. 2023இல் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்து சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி மூன்றும் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க வேண்டுமென்றால் நிலத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கம் மூழ்கும். திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் உள்ள எரிவாயு மின் நிலையங்கள் தலா 100 மெகாவாட் அளவுதான். அவற்றை நம்பி மாநிலம் ஓடாது.

நிலக்கரியின் கணக்கு இப்படி. நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் எரிக்க வேண்டும். 700 கோடி யூனிட்டுக்கு 49 லட்சம் டன். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதே மின்சாரத்துக்கு அணு உலையில் ஆண்டுக்கு 25 டன் அளவு எரிபொருள் போதும். புகையைப் பார்த்தால், ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2014 அறிக்கைப்படி, சுரங்கம் தோண்டுவதிலிருந்து நிலையத்தை மூடுவது வரை எல்லாம் சேர்த்து, நிலக்கரிக்கு யூனிட்டுக்கு 820 கிராம் கரியமில வாயு, அணுவுக்கு 12 கிராம். காற்றாலையும் அதே அளவு, சூரிய ஒளி 50 கிராமுக்குள். 700 கோடி யூனிட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். நிலக்கரியில் 57 லட்சம் டன், அணுவில் 84,000 டன்.

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். டெல்டாவின் கடலோரம் கடல் மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கிற பூமி. கடல் உயர்ந்தால் முதலில் போவது நம் கடைமடைதான். அதனால் நிலக்கரிப் புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அணுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிலக்கரிக் கரண்டில் வீட்டில் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. அதே நேரம், புகை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கவும் முடியாது.

சூடு எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்

கூடங்குளம் உலைக்குள் உண்டாகும் வெப்பம் 3,000 மெகாவாட். மின்சாரமாக மாறுவது 1,000. மீதி 2,000 மெகாவாட் வெப்பத்தைக் கடல்நீர் வாங்கிக்கொண்டு போகிறது. நிலக்கரி நிலையத்திலும் வெப்பம் வீணாகத்தான் போகும், ஆனால் ஒரு பகுதி புகைக்கூண்டு வழியாகக் காற்றில் போய்விடும். அணுவில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீருக்கு. வெளியே விடும் நீரால் கடலின் வெப்பம் 7 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது என்று விதி இருக்கிறது. எனவே அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியது: நீர் வெளியேறும் இடத்திலேயே அளந்தார்களா, எவ்வளவு தூரத்தில் அளந்தார்கள், எந்த மாதத்தில் அளந்தார்கள். தையில் அளந்த கணக்கு வைகாசிக்கு ஒத்துவராது.

நீரை உறிஞ்சும் பக்கமும் உண்டு. மீன் முட்டை, இறால் குஞ்சு எல்லாம் தண்ணீரோடு உள்ளே போகும். குழாயில் சிப்பியும் பாசியும் பிடிக்காமலிருக்க குளோரின் கலப்பார்கள். கல்பாக்கத்தில் சொறிமீன் கூட்டமாக வந்து உறிஞ்சும் இடத்தை அடைத்த கதை, கடல் ஆய்வு செய்பவர்கள் பலகாலமாக எழுதி வருவது. செருதூரில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, ஒரு டிகிரி மாறினாலே மீன் இடம் மாறிடும். தூரம் போனா டீசல். அந்த டீசலை யாரு குடுப்பா?" என்று கேட்டார். எந்த அறிக்கையிலும் இந்தக் கேள்வி இருக்காது. நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு மாதிரி இறாலும் மீனும் குஞ்சு பொரிக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் இதை இரண்டு மடங்கு அழுத்திக் கேட்க வேண்டும்.

ஆற்றங்கரையில் உலை என்றால் கணக்கு வேறு. கர்நாடகத்தின் கைகா காளி ஆற்றுத் தண்ணீரையும் ராஜஸ்தானின் ராவத்பாட்டா சம்பல் ஆற்றுத் தண்ணீரையும் நம்பி ஓடுகின்றன. குளிர்விக்கும் கோபுரம் வைத்தால் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை லிட்டர் அளவு தண்ணீர் ஆவியாகும். 1,000 மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 6 கோடி லிட்டர். நம் பாஷையில் சொன்னால் வினாடிக்கு 25 கன அடிக்குச் சற்றுக் குறைவு. மேட்டூரில் 10,000 கன அடி திறக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஆனால் உலைக்குக் குறுவை, சம்பா என்று பருவம் கிடையாது. சித்திரையிலும் வேண்டும், மேட்டூர் வறண்ட ஆண்டிலும் வேண்டும். காவிரியில் ஒரு சொட்டுக்கும் பங்கு பிரித்து, நடுவர் மன்றம் உச்ச நீதிமன்றம் என்று பல பத்தாண்டு அலைந்திருக்கிறோம். எனவே உள்நாட்டில் உலை என்ற பேச்சு வந்தால் முதல் கேள்வி: தண்ணீர் யார் பங்கிலிருந்து? கூடங்குளத்துக்கே முதலில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எடுப்பதாகத்தான் திட்டம் இருந்தது. பிறகு அதை விட்டுவிட்டுக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள். கேட்டால் மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி.

கழிவுக்கு முகவரி கேளுங்கள்

ஓர் உலையிலிருந்து ஆண்டுக்கு வெளிவரும் பயன்படுத்திய எரிபொருள் 20 முதல் 25 டன். அளவு குறைவுதான். லாரியில் ஏற்றிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் முதலில் ஆண்டுக்கணக்கில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக் குளிரவைக்க வேண்டும். அதில் உள்ள சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டு. கரிகாலன் கட்டிய கல்லணைக்கு வயது சுமார் 2,000 ஆண்டு என்கிறோம். அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு காலம் போனாலும் பாதிதான் குறையும்.

நம் நாட்டுக் கொள்கை இதை மறுசுத்திகரிப்பு செய்து மீண்டும் எரிபொருளாக்குவது. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டமே அதுதான். அதன் இரண்டாம் கட்டத்துக்கான 500 மெகாவாட் அதிவேக ஈனுலையை (எரிப்பதைவிடக் கூடுதலாக எரிபொருள் உண்டாக்கும் உலை) கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில்தான் எரிபொருள் ஏற்றும் வேலையைத் தொடங்கிவைத்தார்கள். இருபது ஆண்டு. மறுசுத்திகரிப்பு செய்தாலும் கடைசியில் கொஞ்சம் கடுமையான கழிவு மிஞ்சும். அதைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கி வைக்கிறார்கள். நிரந்தரமாகப் புதைக்க ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்னும் இல்லை. பின்லாந்து ஓங்கலோவில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து அப்படி ஒன்றைக் கட்டியிருக்கிறது. கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தபோது, நிரந்தரக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. கூடங்குளத்தில் உலைக்கு வெளியே சேமிப்பு மையம் அமைக்க 2019 ஜூலையில் வைத்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது.

எனவே எந்தத் திட்டத்திலும் மூன்று முகவரி கேளுங்கள். முதல் பத்தாண்டு எங்கே, நிலையம் மூடும் வரை எங்கே, அதன் பிறகு எங்கே. மூன்றாவது முகவரிக்கு இன்றைக்குப் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே பதினோரு மடங்கு பெருக்குவது என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

விபத்து பற்றி நிதானமாக

பயத்தையும் கணக்கோடு பேசலாம். பொதுமக்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் கதிர்வீச்சு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நமக்கு வருவது உலக சராசரியில் 2.4. ஆகவே ஒழுங்காக ஓடும் நிலையத்தின் பக்கத்தில் குடியிருப்பதே நோய் என்று பேசுவது சரியில்லை. கேள்வி, ஒழுங்கு தவறும் நாளைப் பற்றியது. 1986 செர்னோபிலும் 2011 ஃபுகுஷிமாவும் அப்படிப்பட்ட நாட்கள்.

நம் கடலோரத்துக்கு இது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அன்று கல்பாக்கத்தில் பம்ப் ஹவுசுக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் உலை சூடு தணியாது, மாதக்கணக்கில் குளிர்வித்தாக வேண்டும். அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், அது போனால் டீசல் ஜெனரேட்டர் வேண்டும். ஃபுகுஷிமாவில் கெட்டது அதுதான். 2018 நவம்பர் 16 கஜா புயலில் நம் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊரில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. இதை எல்லாம் பார்த்த நாம் கேட்க வேண்டிய கேள்வி நேரடியானது: கஜா மாதிரி ஒரு புயலில் வெளிமின்சாரம் முழுக்கப் போனால், உங்கள் டீசல் எத்தனை நாளைக்கு, ஜெனரேட்டர் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில்? நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் வைப்பார்கள். அந்த வட்டத்துக்குள் எத்தனை ஊர், எத்தனை பாலம், மழைக்காலத்தில் எந்தச் சாலை மூழ்கும் என்பது பொறியாளரைவிட உங்களுக்குத்தான் தெரியும். இழப்பீட்டையும் கேளுங்கள். நிலையம் நடத்துபவரின் பொறுப்புக்கு அணு விபத்து இழப்பீட்டுக்கான 2010 சட்டம் வைத்த உச்சவரம்பு 1,500 கோடி ரூபாய். புதிய சாந்தி சட்டம் நிலையத்தின் அளவுக்குத் தக்கபடி வரம்பைப் பிரிக்கிறது.

செலவைப் பற்றி ஒரே ஒரு உதாரணம் போதும். கூடங்குளம் முதல் இரண்டு உலைக்கு மதிப்பீடு 13,171 கோடி, அது 22,462 கோடியாக உயர்ந்தது. 2002இல் தொடங்கி 2007இல் முடிய வேண்டியது. முதல் உலை 2014 கடைசி நாளில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது.

நான் வந்து சேர்ந்த இடம்

கூடங்குளத்தில் கட்டிக்கொண்டிருக்கும் உலைகளை முடித்துப் பாதுகாப்பாக ஓட்டட்டும். அதற்கு ஈடாக நிலக்கரி யூனிட்டை மூட வேண்டும், கூட வைத்துக்கொண்டே போகக் கூடாது. மூன்றாவது முகவரி எழுதப்படும் வரை புதுக் கடற்கரையில் உலை வேண்டாம். காவிரித் தண்ணீரில் எப்போதும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் நம் தேவையையே குறைக்கலாம். மாநிலத்தில் 23 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்பு இருக்கிறது. 1990இலிருந்து மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் எவ்வளவு தின்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தேய்ந்த மோட்டாரை மாற்றினாலே கால்வாசி வரை மிச்சமாகும். வேளாண் பொறியியல் துறையில் சூரிய பம்ப்செட்டுக்கு மானியம் தருகிறார்கள். என் தங்கை மகனிடம் "மாப்ள, முதல்ல உன் மோட்டாரை மாத்து, அப்புறம் அணு உலையைப் பத்திப் பேசலாம்" என்றேன். அவன் மாற்றினான்.

நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். கணக்கைப் போட்டுவிட்டு வந்தால் சரி.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசுவது எப்படி

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் அணுமின் திட்டங்கள் 'ஏ' பிரிவில் வருகின்றன, அதாவது அனுமதிக்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கூடங்குளம் முதல் இரண்டு உலைக்கு 1989இலேயே அனுமதி கொடுத்துவிட்டதால் கூட்டமே நடக்கவில்லை. 3 முதல் 6 வரையிலான உலைகளுக்குத்தான் 2007இல் நடந்தது. இன்றைக்கு உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது, விடாதீர்கள்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். அதைப் பார்த்த அன்றே கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் வரைவு அறிக்கையைக் கேளுங்கள். சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். முழு அறிக்கையில் நீர் ஆதாரம், கடல் வெப்பம், மீன்வளம், கழிவு, பேரிடர் மேலாண்மை ஆகிய பகுதிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துக் கொடுங்கள். உங்கள் ஊரின் பெயர், வாய்க்காலின் பெயர், மீன்பிடி துறையின் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விடுபட்டிருந்தால், அந்த இடத்துக்கு ஆய்வாளர்கள் வந்தார்களா என்பதே உங்கள் கேள்வி.

2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிய சட்டத்தையும் கையில் வைத்திருங்கள். எந்தெந்தத் தொழில்களுக்குத் தடை என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. துத்தநாகம், செம்பு உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு தோண்டுதல் என்று பட்டியல் போகும். உங்கள் ஒன்றியம் மண்டலத்துக்குள் வருகிறதா, வரும் திட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். யாரோ மேடையில் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். கிடைக்காத விவரத்தைப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். கூட்டத்துக்கும் அதே 30 நாள்தான் என்பதால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மனுப் போடுங்கள்.

கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை வகிப்பது கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி கிடையாது. எனவே புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், நீங்கள் இல்லாமலேயே நடந்ததாகப் பதிவாகும். ஆளுக்கு ஒரு கேள்வி போதும். ஒருவர் தண்ணீர், ஒருவர் மீன், ஒருவர் கழிவு, ஒருவர் சாலை. பெண்களை முன்னால் பேசவிடுங்கள். குடிநீரும் பிள்ளைகளின் உடம்பும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கோஷம் பதிவேட்டில் ஏறாது, கேள்வி ஏறும்.

கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. முடியும்போது அன்றைய நடவடிக்கைகளின் சுருக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும். அதுவரை எழுந்து போகாதீர்கள். உங்கள் கேள்வி விடுபட்டால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். பேசியதையே இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நடவடிக்கைக் குறிப்பு பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டப்படும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் தேடலாம். உங்கள் பிரதியோடு அதை வரிக்கு வரி ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் அந்த வாரமே வாரியத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள்.